குன்னூரிலிருந்து கோபாலபுரத்துக்கு வந்த மரப்பெரணி

"கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்மா. செடி இருக்கா, போயிடுத்தான்னே தெரியலை."

மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் வந்த போன். பேசியது எங்கள் கோபாலபுரத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமா. எழுபத்தெட்டு வயது. இதுவரை அவர் என்னிடம் கேட்ட தோட்டச் சந்தேகங்கள் எல்லாம் துளசி, நித்யமல்லி, கறிவேப்பிலை அளவில்தான் இருக்கும். அதனால் "என்ன செடி மாமா?" என்று அசட்டையாகத்தான் கேட்டேன்.

"ட்ரீ ஃபெர்ன்" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்குப் 'பெரணி' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. கிணற்றுச் சுவரிலும் ஈரச் செங்கலிலும் தானாக முளைக்குமே, அந்த இனம். அதிலேயே மரம் மாதிரி தண்டு வைத்து, உச்சியில் குடை விரித்தாற்போல் இலை பரப்பி ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் வளர்வதுதான் மரப்பெரணி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். இலங்கை வாசகர்கள் நுவரெலியா பக்கத்தில் ஹக்கல தோட்டத்தில் பார்த்திருப்பார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இந்த வம்சம் பூமியில் இருந்தது. அப்படிப்பட்ட ஒன்று லாயிட்ஸ் ரோடு ஆட்டோ ஹாரன் கேட்கும் தூரத்தில் நிற்கிறது என்றால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

வாங்கியதற்குக் காரணம் மாமி. அவர் பிறந்து வளர்ந்தது குன்னூர். அப்பாவுக்கு அங்கே பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. எதிரே சிம்ஸ் பூங்கா. 1874ல் உருவான அந்தப் பூங்காவின் சரிவில்தான் மாமி பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடியிருக்கிறார். அங்கே இருக்கும் மரப்பெரணிகளின் அடியில் மழைக்கு ஒதுங்கினால் நனையாதாம். இப்போது மாமிக்கு மூச்சுத் தொந்தரவு. மலைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்காக மாமா மட்டும் குன்னூர் போனார். திரும்பும்போது டாக்ஸியின் பின் சீட்டில் இரண்டடித் தண்டோடு இதை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். விலையை நான் எழுதப் போவதில்லை. மாமிக்குத் தெரியாது, இந்தப் பக்கத்தை அவர் தவறாமல் படிக்கிறவர்.

விற்றவர் "வெயில் தாங்கும் சார்" என்றாராம். எந்த ஊர் வெயிலை என்று மாமா கேட்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது ஒன்பது மட்டைகளில் ஏழு பழுப்பு. (இலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தென்னை மட்டை மாதிரி நீளமாக இருப்பதால் மட்டை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.) மீதி இரண்டும் நுனி கருகி நின்றன. இதுகூட எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. இடம் மாறிய மரப்பெரணி பழைய மட்டைகளைக் காயவிடுவது சகஜம். அதிர்ச்சி வேறு இடத்தில் இருந்தது. உச்சியில், கொண்டையில், யாரோ வைக்கோலைத் திணித்து வைத்திருந்தார்கள்.

"இது என்ன மாமா?"

"லண்டன்லேருந்து பையன் வீடியோ அனுப்பினான். அங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாளாம். ஜனவரில பனி கொட்டித்தே, அதான்..."

லண்டன்காரர்கள் செய்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். மட்டை கருகினால் அடுத்த வருஷம் வேறு வரும், கொண்டை உறைந்துவிட்டால் மரம் அவ்வளவுதான். அதனால் வைக்கோலைத் திணித்து, சாக்கு போட்டுப் போர்த்துவார்கள். நம் ஊர் மார்கழிப் பனி உறைபனி அல்ல. இருபது டிகிரிக்கு நாம்தான் மஃப்ளர் கட்டுகிறோம், மரப்பெரணி அதைச் சொர்க்கம் என்று நினைக்கும். பெங்களூருக்கே வைக்கோல் தேவையில்லை.

மெதுவாக வைக்கோலைப் பிடுங்கினேன். அடியில் ஈரம் கட்டி, லேசாகப் புளித்த வாடை. அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த மா, வேம்பு எல்லாம் தலையை வெட்டினாலும் பக்கத்தில் கிளைக்கும். மரப்பெரணியின் தண்டு நாம் நினைக்கிற மரமே அல்ல. பட்டை கிடையாது, வருஷா வருஷம் பருக்கவும் பருக்காது. நிமிர்ந்து நிற்கும் ஒரு கிழங்குத் தண்டு, அதைச் சுற்றி வேர்நார் போர்வை. அவ்வளவுதான். பெரும்பாலான வகைகளுக்கு உயிர் இருப்பது ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். தென்னையும் பனையும் போல. குருத்து அழுகினால் கதை முடிந்தது. எந்த உரமும் எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது.

ஆகவே வாடிப்போன மரப்பெரணி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டைகளைப் பார்க்காதீர்கள். கொண்டையைத் தொட்டுப் பாருங்கள். ரோமம் போன்ற செதில்களுக்கு நடுவில், அடுத்து வர வேண்டிய மட்டைகள் சுருண்டு சுருண்டு, குழந்தையின் மூடிய கைமுட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று விரல் உள்ளே போய், நாற்றம் அடித்தால் இல்லை.

மாமாவும் மாமியும் பக்கத்தில் நிற்க, நான் விரலை விட்டேன். ஐந்து முட்டிகள் இருந்தன. ஒன்று மெத்தென்று இருந்தது. நாலு கெட்டி.

"இருக்கு மாமா."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் உள்ளே போனதும் மாமி என்னிடம் தனியாகச் சொன்னார்: "எனக்கு அது பொழைக்கணும்னு ஒண்ணும் இல்லடிம்மா. இவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை போய் அது முன்னாடி நிக்கறார். அதைத்தான் பாக்க முடியலை."

சரி, பிழைக்க வைக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

முதல் பிரச்னை, இடம். வீட்டின் மேற்குப் பக்கம், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு நேர் எதிரே நட்டிருந்தார். கேட்டால், "ஏசித் தண்ணி சொட்டறதே, தானா ஈரமா இருக்கும்னு பாத்தேன்" என்றார். யோசனையில் பாதி பிரமாதம், பாதி ஆபத்து. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. உப்பே இருக்காது. பெரணிகளுக்கு அது கிட்டத்தட்ட மழைத் தண்ணீர். ஆனால் அதே ஏசியின் விசிறி வெளியே தள்ளுவது கொதிக்கும் காற்று. அதை நேராக மட்டையில் அடிக்க விட்டால் துணி காயப்போட்ட மாதிரி காய்ந்துவிடும். கருகிய ஏழில் ஆறு அந்தப் பக்கத்து மட்டைகள்! அதோடு மேற்குப் பார்த்த காம்பவுண்டுச் சுவர் மதிய வெயிலைக் குடித்து ராத்திரி ஒன்பது மணிவரை திருப்பிக் கொடுக்கும். கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

நட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வேர் இன்னும் வெளியே ஓடியிருக்காது. அதனால் இடம் மாற்றுவது என்று முடிவு செய்தோம். வேரூன்றி ஒரு வருஷம் ஆன மரப்பெரணியை நான் தொட்டிருக்க மாட்டேன். மரத்தை விட்டுவிட்டு ஏசியை நகர்த்துங்கள் என்றிருப்பேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தோட்டக்காரர் வந்து தோண்டினார். அப்போதுதான் இரண்டாவது சமாசாரம் வெளிவந்தது. காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று தண்டை ஓர் அடி ஆழம் புதைத்திருந்தார்கள். வாழைக்கன்றுக்கு மண் அணைக்கிற பழக்கம். மரப்பெரணிக்கு இது வேண்டாம். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம்தான். ஈர மண்ணில் புதைந்த தண்டு மூச்சுத் திணறி அழுகும். சாயும் என்று பயமாக இருந்தால் மூன்று பக்கம் கழி நட்டு, பழைய வேட்டித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி, நைலான் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் தெருவில் எவ்வளவு மரத்தைச் சாய்த்தது என்று பார்த்தவள் நான். மேலோட்டமாக வேர்விடும் மரப்பெரணிக்கு முதல் இரண்டு மழைக்காலமாவது முட்டு இருக்கட்டும்.

புது இடம், கிழக்குப் பக்கம் மாமரத்தடி. காலை வெயில் ஒன்பது மணி வரை சல்லடையாக விழும். அப்புறம் நிழல்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அரையடி தோண்டினால் இடிந்த சுவர், சுண்ணாம்பு, செங்கல் துண்டுதான் வரும். பெரணிகளுக்கு லேசான புளிப்பு மண் பிடிக்கும், சுண்ணாம்பு பிடிக்காது. அதனால் இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழத்துக்கு எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டு, மக்கிய இலை உரம், செம்மண், ஆற்று மணல், தென்னைநார்க் கழிவு கலந்து நிரப்பினோம். தென்னைநார்க் கட்டியை அப்படியே போடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். சோம்பல் பட்டால் பெரணி காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து தண்ணீர். சென்னையில் மரப்பெரணி வளர்ப்பதில் பாதி வேலை இதுதான்.

போர் தண்ணீரை ஊற்றினால் முதலில் மட்டையின் நுனிகள் பழுக்கும். உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள். மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. குளோரின் வாடை போக ஒரு ராத்திரி பக்கெட்டில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவு நீர் கூடவே கூடாது. உப்பையெல்லாம் பிரித்து அதில்தான் அனுப்புகிறது. மழை நீரைச் சேமித்து வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2003ல் எல்லா வீட்டிலும் கட்டாயம் ஆக்கினார்களே, அந்த மழைநீர்க் குழாயை நிலத்துக்கு விடுமுன் ஒரு டிரம்மில் நிறுத்தினால் பெரணிக்கு விருந்து. மாமா வீட்டில் ஏசித் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டு பக்கெட்டில் பிடிக்கிறோம். ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் கிட்டத்தட்ட ஒரு பக்கெட். ஏசி சர்வீஸ் செய்த அன்றைக்கு மட்டும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கிளீனிங் மருந்து கலந்திருக்கும்.

நட்ட அன்று வேர்ப்பகுதி முழுக்க நனையும்படி இரண்டு குடம். அப்புறம் காலை அரைக்குடம், மாலை அரைக்குடம். விரலை மண்ணில் விட்டால் ஈரம் தெரிய வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. தண்டைச் சுற்றிச் சணல் சாக்கை ஒரே சுற்று, தளர்வாகச் சுற்றி, அதையும் நனைத்து வைத்தோம். கொண்டையில் தினமும் குடத்தைக் கவிழ்க்காதீர்கள். காலையில் ஒரு கை தெளித்தால் போதும், பகலில் காய்ந்துவிடும். ராத்திரியில் ஈரம் தேங்கினால் குருத்தழுகலுக்கு நாமே அழைப்பிதழ் கொடுத்த மாதிரி.

உரம்? ஆறு மாசத்துக்கு எதுவும் வேண்டாம் என்றேன். மாமாவுக்கு இது ஜீரணமாகவே இல்லை. "பாவம், இளைச்சுப் போயிருக்கே, கொஞ்சம் யூரியா..." என்று இழுத்தார். உடம்பு சரியில்லாதவருக்கு யாராவது நெய் ரோஸ்ட் கொடுப்பார்களா? வேர் பிடித்து, புதிதாக நாலைந்து மட்டை விரிந்த பிறகு, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. பச்சைச் சாணம், யூரியா, கல் உப்பு இவையெல்லாம் பெரணிக்கு விஷம். கொண்டையில் எந்த உரமும் போடக் கூடாது.

இன்னொரு விஷயம், பெரணி வைத்திருக்கும் பாதிப் பேர் செய்கிற தப்பு. மட்டை முதிர்ந்ததும் அடிப்பக்கம் வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் வரும். செதில்பூச்சி என்று பயந்து மருந்து அடித்துவிடுகிறார்கள், பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறவர்களும் உண்டு. அது பூச்சி இல்லை. விதை இல்லாத செடி பரம்பரையை வளர்ப்பது ஸ்போர் என்கிற வித்துத்தூளால். அந்தத் தூள் இருக்கும் பைகள்தான் அவை. ஒழுங்கான வரிசையில், எல்லா இலைக்கூறிலும் ஒரே மாதிரி இருந்தால் வித்துத்தூள். தாறுமாறாக, தண்டிலும் சேர்ந்து ஒட்டி, பிசுபிசுத்தால் பூச்சி. பூச்சியே என்றாலும் வேப்பெண்ணெயைக் கரைத்து ஒரு சின்ன இலைக்கூறில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். பெரணிக்கு மென்மையான மேனி, எண்ணெயே சுட்டுவிடும்.

மாமாவின் மரம் எந்த வகை என்று அறிய ஒரு தடயம் இருந்தது. தண்டில் காசை வைத்து அழுத்தி எடுத்தாற்போல நீள்வட்டத் தழும்புகள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த சயாத்தியா கூப்பரி. காய்ந்த மட்டையைத் தானே உதிர்த்து, உதிர்ந்த இடத்தில் இப்படி முத்திரை விடும். மாமாவுக்கு அதிர்ஷ்டம்தான். மரப்பெரணிகளில் ஓரளவு வெயில் பொறுக்கும் ரகம் இது. லண்டன் பையன் வீடியோவில் இருந்தது டிக்சோனியா. அது குளிர்நாட்டு ஜீவன். அதன் தண்டை வேரில்லாமல் அறுத்து நட்டாலும் வேர்விடும் என்பார்கள், கடையில் அப்படியே விற்பார்கள். சயாத்தியா அப்படியல்ல. வேர்க்கட்டு இல்லாமல் அறுத்து வந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாமாவுக்குத் தொட்டியில் வளர்ந்த செடி கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. மலைப்பாதையில், அடியில் அறுத்து ஈரச்சாக்கு சுற்றிய தண்டை யாராவது மலிவாக நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். அது காட்டில் வெட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான மரப்பெரணிகள் உண்டு. நீலகிரியின் பெயரையே தாங்கிய சயாத்தியா நீல்கிரென்சிஸ் ஒன்று. மதராஸ் வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம் என்கிற வெள்ளைக்காரர் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் படங்களோடு 1863-64ல் நம் சென்னையிலேயே புத்தகம் அச்சிட்டார். அவ்வளவு காலமாகப் பேர் பெற்றவை. தொங்கும் ஆர்க்கிட் செடிகளுக்கு மரப்பெரணித் தண்டைப் பலகையாக அறுத்துப் பயன்படுத்தும் வழக்கத்தால் பல நாடுகளில் காடு காலியானது. அதனால்தான் சயாத்தியா இனம் முழுவதும் சைட்டீஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து செடியைத் தோண்டி எடுப்பது, 1882ல் வந்த நம் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். தொட்டியைக் கவிழ்த்து வேர் சுற்றி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்ததா என்று அது சொல்லிவிடும்.

"கோபாலபுரத்துல இதெல்லாம் வருமா? உண்மையைச் சொல்லு" என்று மாமி ஒரு நாள் நேராகக் கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். குன்னூரில் சிம்ஸ் பூங்கா சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மே மாதப் பகல் 25 டிகிரியைச் சுற்றித்தான். இங்கே 2003 மே கடைசியில் 45 டிகிரியைப் பார்த்தோம். பகலைக்கூட நிழல்வலை போட்டுச் சமாளிக்கலாம். ராத்திரிதான் சிக்கல். மலைச்செடிகள் இரவுக் குளிரில் இளைப்பாறுகிறவை. நம் ஊரில் கோடை ராத்திரி 28க்குக் கீழே இறங்க யோசிக்கும். நமக்கே தூக்கம் வராத ராத்திரியில் அதற்கு மட்டும் எப்படி வரும்?

ஆனால் நம்மிடம் ஒன்று இருக்கிறது. கடற்காற்று. சென்னையின் கசகசப்பைத் திட்டித் தீர்க்கிறோமே, அந்த ஈரக்காற்று பெரணிக்கு வரம். மதுரையிலோ வேலூரிலோ இதே முயற்சி இன்னும் கஷ்டம். ஆபத்தான நாட்கள் எவை என்றால், மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று பலமாக வீசி, கடற்காற்றை மதியம் இரண்டு, மூன்று மணி வரை உள்ளே விடாத நாட்கள். மே மாதக் கடைசியில், ஜூனில் அப்படி வரும். அந்த மூன்று நாலு மணி நேரத்தில்தான் மட்டை காயும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் போதும். காலை பதினொன்றுக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை, மட்டைக்கு நேராக அல்லாமல் சுற்றியுள்ள தரையிலும் சணல் சாக்கிலும் மாமர அடியிலும் தண்ணீர் தெளித்து, காற்றை ஈரமாக்க வேண்டும். மண்ணில் மேலும் மேலும் ஊற்றி ஒரு பயனும் இல்லை.

எங்கள் பேட்டைக்கு ஊர்விட்டு ஊர் வந்த செடி புதிதும் அல்ல. நடக்கிற தூரத்தில் கதீட்ரல் சாலை. அங்கே 1835ல் ஆரம்பித்த வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் எங்கெங்கிருந்தோ வந்த செடிகளெல்லாம் வளர்ந்தன. அந்த நிலத்தில் ஒரு பகுதிதான் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஆகி, 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா ஆனது. எதிர்ப்பக்கம் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தார்கள். (டிரைவ்-இன்னில் காருக்குள்ளேயே தட்டு வைத்துச் சாப்பிட்ட பூரி கிழங்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த வாரப் பக்கம் போதாது.)

மாமரமும் தினம் மூன்று முறை தெளிக்க ஆளும் இல்லாதவர்களுக்கு நான் மரப்பெரணியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பால்கனிக்காரர்கள் பறவைக்கூட்டுப் பெரணியோ பாஸ்டன் ஃபெர்னோ வைக்கலாம். சென்னையில் நன்றாகவே வரும். மரப்பெரணிதான் வேண்டும் என்றால் ஜனவரியில் நடாதீர்கள், மாமா மாதிரி. ஆகஸ்ட்டில் சாயங்கால மழை எட்டிப்பார்க்கும்போது நட்டால், வடகிழக்குப் பருவமழை, மார்கழி, தை என்று ஏழெட்டு மாசம் வேர்விட அவகாசம் கிடைக்கும். முதல் கோடைக்குள் காலூன்றிவிடும். தண்ணீர் தேங்காத மேட்டுப் பக்கம் பார்த்து நடுங்கள். 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் மூன்று நாள் நின்றால் வேர் மிஞ்சாது.

மாமாவின் மரத்துக்கு அந்த அவகாசம் இல்லை. இடம் மாற்றி ஐந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு மட்டைகளில் ஒன்று காய்ந்தது. தமிழ் வருஷப் பிறப்பன்று காலை மாமி போன் செய்தார். "ஒரு முட்டி நிமிர்ந்திருக்குடி." போனேன். பொன் நிறச் செதில் போர்த்தி, கேள்விக்குறி மாதிரி நாலு விரல் உயரம் எழுந்து நின்றது. தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுருள் பிரியாத குருத்து லேசான அடிக்கே ஒடியும். செதில் கண்ணில் பட்டால் அரிப்பும் எடுக்கும். காய்ந்த மட்டையை எடுக்கும்போதுகூடக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஏப்ரல் கடைசி. முதல் குருத்து மூன்றடிக்கு விரிந்துவிட்டது, இரண்டாவது எழுந்து நிற்கிறது. மே 4ல் கத்திரி ஆரம்பம். மாமரத்துக்கும் பெரணிக்கும் நடுவில் பச்சை நிழல்வலை கட்டியாகிவிட்டது. வலையைச் சுற்றி மூடவில்லை, மேலே மட்டும், காற்று ஓடட்டும் என்று. மாமியின் பிரம்பு நாற்காலியைத் தோட்டக்காரர் அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். தெளிக்கிற வேலை மாமாவுக்கு, எப்போது என்று சொல்கிற வேலை மாமிக்கு.

கத்திரி முடியும்வரை என்ன ஆகும் என்று எனக்கும் சொல்லத் தெரியாது. புதுக்குருத்து கருகினால் பயப்பட வேண்டாம், கொண்டை கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினம் மதியம் எனக்கு மாமாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வருகிறது. கடற்காற்று எத்தனை மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தது என்று.

இன்று 12.50க்கே வந்துவிட்டதாம்.